விதியும் வக்கீல் நோட்டீஸும்

மருந்து பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஓரம் பல் பல்லாக வெட்டிய பட்டை. ஒரு பல்லுக்கு ஒரு வேளை. கம்பவுண்டர் காகிதத்தை மடித்து நாலு வெட்டு வெட்டி, பசை தடவி ஒட்டித் தருவார். பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கழுவாமல் கொண்டுபோனால் திட்டு விழும். இளஞ்சிவப்புத் தண்ணீர் வயிற்றுக்கு, பழுப்புத் தண்ணீர் இருமலுக்கு. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது டாக்டருக்கும் கம்பவுண்டருக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம். மருந்துச் சீட்டு கிடையாது, நோயின் பெயரை யாரும் சொல்வதும் கிடையாது. 1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெரும்பாலான குடும்பங்களின் கையில் இருந்த ஒரே மருத்துவ ஆவணம் அந்தப் பட்டைதான். அதிலும் இருந்தது வேளைக் கணக்கு மட்டுமே.

டாக்டர் என்பவர் யார்? பலகையில் பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்றோ எல்.ஐ.எம். என்றோ இருக்கும். கொஞ்சம் பெரிய ஊரென்றால் எம்.பி.பி.எஸ். சில இடங்களில் ஆர்.எம்.பி. மருத்துவப் பள்ளியில் பட்டயம் வாங்கியவரா, நாட்டு மருத்துவத்தோடு அலோபதியும் சேர்த்துப் படித்தவரா, இன்னொருவரிடம் கம்பவுண்டராக இருந்து தொழில் பிடித்தவரா என்று ஊர் விசாரித்ததில்லை. கைராசிக்காரரா என்பதைத்தான் விசாரித்தது.

அவருக்கு அந்தக் குடும்பமே மனப்பாடம். தாத்தாவுக்கு ஆஸ்துமா, சின்னம்மாவுக்குப் பிரசவத்தில் வலிப்பு வந்தது, மூத்தவனுக்கு பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. எதையும் எழுதிவைக்கவில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நாக்கை நீட்டச் சொல்வார், இமையை இழுத்துப் பார்ப்பார், வயிற்றில் விரலை வைத்துத் தட்டுவார். ரத்தப் பரிசோதனைக்கு மாவட்டத் தலைநகர் போக வேண்டும். அதனால் அவருக்கு இருந்த பெரிய பரிசோதனைக்கூடம் காலம்தான். “மூணு நாள் பார்ப்போம்” என்பார். மூன்று நாளில் இறங்கினால் சாதாரணக் காய்ச்சல்; ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கினால் மலேரியா; படிப்படியாக ஏறி இறங்காமல் நின்றால் டைபாய்டு, கஞ்சிப் பத்தியம். பல சமயம் அவர் கணித்தது சரியாகவே இருந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இன்று ஒரு முழு உடல் பரிசோதனைப் பொதியை வாங்கிக்கொண்டு வருபவருக்கு, வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் கிடைப்பது அரிது.

தவறியபோது என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

எங்கள் உறவில் ஓர் அத்தை 1970களின் தொடக்கத்தில் வயிற்றுவலியில் போனார். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. வாந்தி, கொஞ்சம் காய்ச்சல். டாக்டர் வாயு என்றார். மிக்சர் கொடுத்தார், மறுநாள் வீட்டுக்கே வந்து ஊசியும் போட்டார். அதற்கடுத்த நாள் வலி சட்டென்று நின்றுவிட்டது. வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது. ராத்திரிக்குள் வயிறு பலகையாக இறுகி, தஞ்சாவூருக்குக் கார் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. குடல்வால் வெடித்தால் வலி அப்படித்தான் ஒருமுறை பொய்யாக அடங்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. அன்றைக்கு வீட்டில் சொன்னது, “அவ ஆயுசு அவ்வளவுதான்.” டாக்டர் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். அவரை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். அடுத்த மாதம் அதே வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பிசகிவிட்டார் என்று எவர் வாயிலும் வரவில்லை. வந்திருந்தாலும் அதை எங்கே போய்ச் சொல்வது?

சொல்ல இடமே இல்லாமல் இல்லை. சிவில் கோர்ட் இருந்தது. கேட்கிற தொகைக்கு ஏற்றபடி கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு டாக்டர் செய்தது தப்பு என்று இன்னொரு டாக்டர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். அப்படியும் ஒருவர் போனார். 1953 மே மாதம், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டக் கடற்கரையில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட இருபது வயது இளைஞனைப் புனேக்குக் கொண்டுபோனார்கள். மயக்க மருந்து தராமல் எலும்பை இழுத்து வைத்துக் கட்டினார் என்பது டாக்டர் மேல் புகார். அன்று இரவே பையன் இறந்துபோனான். தந்தை வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1968-இல். கிடைத்த இழப்பீடு 3,000 ரூபாய். ஒரு நோயாளியை ஏற்றுக்கொள்வதா என்று முடிவெடுப்பதில், என்ன சிகிச்சை என்று தீர்மானிப்பதில், அந்தச் சிகிச்சையைச் செய்வதில் என்று மூன்று கட்டத்திலும் டாக்டருக்குக் கவனக் கடமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. அந்தத் தந்தையே ஒரு டாக்டர். அவர் அரிசி மண்டி வைத்திருந்தவராக இருந்தால் வழக்கு எழுந்தே இருக்காது என்பது என் ஊகம்.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நுகர்வோர் என்றதும் ஜனங்களுக்கு நினைவுக்கு வந்தது பழுதான மிக்சியும் எடை குறைந்த பொட்டலமும்தான். ஆனால் சட்டத்தில் ‘சேவை’ என்ற சொல் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்ப்பது சேவையா? சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் இல்லை என்றது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் டாக்டரிடம் போகிறவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்றது. மற்ற இடங்களில் வேறுவிதமாகவும் தீர்ப்புகள் வந்தன. 1995 நவம்பர் 13-இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: காசு வாங்கினால் அது சேவை. எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகப் பார்க்கிறவர் மட்டும் இதற்கு வெளியே. சிலரிடம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், இலவசமாக வந்தவரும் நுகர்வோர்தான்.

வட சென்னை வண்ணாரப்பேட்டையில் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்று பெயரெடுத்த ஜெயச்சந்திரன் 2018-இல் காலமானபோது அந்தப் பகுதியே தெருவில் நின்றது. அவரைப் போன்றவர்களிடம் போன ஏழை ஜனங்கள் தங்களை நுகர்வோர் என்று ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சட்டத்தின் கணக்கில் ஆலோசனைக் கட்டணம் ஐந்து ரூபாயானாலும் ஐந்நூறானாலும் ஒன்றுதான்.

1995 தீர்ப்பு வந்தபோது டாக்டர்கள் கொதித்தார்கள். உயிரைப் பார்ப்பதும் மிக்சி விற்பதும் ஒன்றா என்று கேட்டார்கள். அதில் நியாயம் கொஞ்சம் இருந்தது, பயம் நிறைய இருந்தது. அவர்கள் பயந்த அளவுக்குச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை. தவறான நோயறிதல் எல்லாமே கவனக்குறைவு என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. 1957-இல் இங்கிலாந்தில் பிறந்த போலம் வழக்கின் அளவுகோலைத்தான் இந்திய நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டன: அதே துறையில் சராசரித் திறமையுள்ள இன்னொருவர் அந்த நிலைமையில் என்ன செய்திருப்பார்? பெரிய நிபுணர் கண்டுபிடித்திருப்பாரே என்ற கேள்வி இங்கே செல்லாது. டெங்குவின் முதல் நாளில் அதைச் சாதாரண ஜுரம் என்று நினைப்பது பிசகு. மூன்றாம் நாளும் ரத்தம் பார்க்காமல், வயிற்றுவலியும் வாந்தியும் இருக்கிறதா என்று கேட்காமல், அதே மாத்திரையைத் திரும்ப எழுதுவது கவனக்குறைவு. பார்த்தும் பிடிபடாமல் போனது ஒன்று. பார்க்கவே இல்லை என்பது வேறு.

இதற்கு ஹைதராபாத் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2002 ஜூலையில் ஒருவர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும் குளிரோடும் தன் மனைவியை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். அவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? மலேரியா ஒழிப்புத் துறையில். மருத்துவமனை டைபாய்டுக்கு மருந்து கொடுத்தது. டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை இல்லை என்று காட்டியது. மலேரியா இருப்பதாக ரத்தம் சொன்னது. நாலைந்து நாளில் நிலைமை மோசமாகி வேறு பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள், அங்கே அந்த அம்மாள் இறந்துபோனார். மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு தந்தது. நிபுணர் சாட்சியம் இல்லை என்று மேல்மன்றம் அதை ரத்து செய்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்த 2 லட்சத்தைத் திரும்பக் கொடுத்தது. எல்லா வழக்கிலும் ஒரு டாக்டர் வந்து சாட்சி சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, சில தவறுகள் தாமே பேசும் என்றது. நோயாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தால், 1995-க்குப் பிறகு வந்த முக்கியமான தீர்ப்பு இதுதான். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராக வாய் திறக்கத் தயங்கும் ஊரில், சாட்சி கொண்டுவா என்று சொல்வது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

குடும்ப டாக்டருக்கு இன்னும் நெருக்கமான வழக்கு மும்பையில் நடந்தது. 1992-இல், முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் காய்ச்சலென்று பக்கத்து டாக்டரிடம் போனார். அவர் முதலில் வைரஸ் காய்ச்சல் என்றார், பிறகு டைபாய்டு என்றார். பரிசோதனை எதுவும் செய்யாமல் ஆங்கில மருந்துகளாகக் கொடுத்தார். அவர் படித்திருந்ததோ ஹோமியோபதிப் பட்டயம். நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போய்ச்சேர்ந்து அங்கே இறந்தார். மனைவி தேசிய ஆணையத்தில் தோற்று, 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். படிக்காத முறையில் வைத்தியம் பார்த்ததே கவனக்குறைவு, தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். இழப்பீடு 3 லட்சம். பலகையில் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் ஊர் கேட்காமல் விட்ட கேள்வியை அந்த மனைவி கேட்டார்.

இதற்கிடையில் ஜனங்களின் மனசு மறுமுனைக்குப் போய்விட்டது. 2002-இல் வந்த ‘ரமணா’ படத்தில், இறந்தவருக்குச் சிகிச்சை நடப்பதாகக் காட்டி மருத்துவமனை பணம் கறக்கும் காட்சிக்குத் தியேட்டரில் விழுந்த கைதட்டல் ஞாபகமிருக்கிறது. அதற்குப் பிறகு சாவு நடந்த ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் யாராவது அந்தக் காட்சியைச் சொல்லாமல் இருந்ததில்லை. அன்றைக்கு டாக்டரின் பிசகும் அலட்சியமும் சேர்ந்து ‘விதி’ ஆனது. இன்றைக்கு இரண்டும் சேர்ந்து ‘கொன்னுட்டாங்க’ ஆகிறது. கைகூட நீள்கிறது, டாக்டர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-இலேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2024-இல் கிண்டி அரசு மருத்துவமனையில், தாய்க்குத் தந்த புற்றுநோய்ச் சிகிச்சை சரியில்லை என்று நினைத்த மகன் பணியிலிருந்த டாக்டரைக் கத்தியால் குத்தினான். அன்றும் தேதி நவம்பர் 13. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் அதே தேதியில் திறந்த கதவு ஒன்று இருக்கிறது என்பது அந்தக் கோபத்துக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் நம்பிக்கை இல்லை.

கிரிமினல் வழக்கும் அப்படித்தான். சாவு நடந்ததும் போலீஸில் புகார் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. கவனக்குறைவு மிகக் கொடியதாக இருந்தாலொழிய அது குற்றமாகாது, நடுநிலையான இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் மேலே போகக் கூடாது, வழக்கமாகச் செய்கிற மாதிரி கைது செய்யக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்று உயர்த்திவிட்டு, பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் பழைய 2 ஆண்டிலேயே நிறுத்திக்கொண்டது. டாக்டரை ஜெயிலுக்கு அனுப்புவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நட்டஈடுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடும்.

பயம் டாக்டரின் கையையும் மாற்றியிருக்கிறது. மூணு நாள் பார்ப்போம் என்று இன்று ஒரு டாக்டர் சொன்னால் நோயாளி அடுத்த தெருவில் வேறு டாக்டரைப் பார்ப்பார். அதனால் முதல் நாளே ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, சந்தேகமென்றால் ஸ்கேன். தலைவலிக்கு சி.டி. எடுக்கச் சொல்லும் டாக்டரைக் கமிஷன் ஆசாமி என்று திட்டுகிறோம். சில இடங்களில் அது உண்மை. ஆனால் நாளைக்கு ‘ஏன் எடுக்கவில்லை’ என்று வக்கீல் கேட்டால் என்ன சொல்வது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. தெருமுனை டாக்டர்கூட இன்று தொழில்முறை இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறார். கொஞ்சம் சிக்கல் தெரிந்ததும் ‘பெரிய இடத்துக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுகிறார். அத்தைக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தின் நோய்க்கதை அவர் தலையிலிருந்து இறங்கி, நோயாளி தூக்கிக்கொண்டு அலையும் பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது. அந்தப் பையை முழுக்கப் படிக்க எந்த டாக்டருக்கும் நேரமில்லை.

தொகைகள் எங்கேயோ போய்விட்டன. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் இருபத்தொன்பதாவது வாரத்திலேயே 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் பார்த்தாக வேண்டும். பார்க்கவும் இல்லை, பார்க்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. வேறொரு குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டபோது நான்கரை மாதம் ஆகியிருந்தது, பார்வை போயிருந்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் இனி வரும் மருத்துவச் செலவுக்கு மட்டும் 1.38 கோடி ரூபாய் தரச் சொன்னது. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. 1998-இல் தோல் ஒவ்வாமைக்குக் கொல்கத்தாவில் நடந்த தவறான சிகிச்சையால் மனைவியை இழந்த குணால் சாஹாவுக்கு 2013-இல் சுமார் 6 கோடியும் அதற்கு வட்டியும். 3,000 ரூபாயிலிருந்து 6 கோடி வரை வந்திருக்கிறோம். பதினைந்து வருஷக் காத்திருப்பு மட்டும் 1953 வழக்கிலும் இருந்தது, 1998 வழக்கிலும் இருக்கிறது.

2019-இன் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நோட்டீஸ் போன மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடப்பது வேறு. ஆனாலும் கதவு முன்பைவிட அகலம்தான்: நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் பலர் கோட்டை விடுகிறார்கள். துக்கத்தில் ஒரு வருஷமும், ‘போனது போகட்டும்’ என்ற பேச்சில் இன்னொரு வருஷமும் கழிந்துவிடுகிறது.

வென்றவர்கள் யாரென்று இன்னொரு முறை பாருங்கள். புனேத் தந்தை டாக்டர். குணால் சாஹா டாக்டர். ஹைதராபாத்காரர் மலேரியாத் துறை. கையில் காகிதம் இருந்தவர்கள், அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். கொல்கத்தா வழக்கில் ஊசியின் பெயரும் அளவும் டாக்டரின் கையெழுத்திலேயே சீட்டில் இருந்தது. அதிலிருந்துதான் வழக்கே நகர்ந்தது.

தெருமுனை கிளினிக்கில் அந்தக் காகிதம் இல்லை. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள், படுக்கையில் சேர்த்த நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன; கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கின்றன. டோக்கன் வாங்கி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வரும் புறநோயாளியின் பதிவை வைத்திருக்க அந்த விதி சொல்லவில்லை. காய்ச்சலை முதலில் பார்ப்பவரும், நெஞ்செரிச்சல் என்று நினைத்து மாரடைப்பைத் திருப்பி அனுப்பக்கூடியவரும், மார்பில் கட்டியைப் பால்கட்டு என்று சொல்லிவிடக்கூடியவரும் அந்த ஐந்து நிமிஷக்காரர்தான். நுகர்வோர் ஆணைய வாசலில் வக்கீல் முதலில் கேட்பது ‘சீட்டு இருக்கா?’ என்று. எடுத்துக் கொடுத்தால் அதில் பாராசிட்டமால், அசித்ரோமைசின், பான்டோப்ரசோல், மூன்று நாளைக்கு. என்ன நோய் என்று நினைத்தார், என்ன கேட்டார், என்ன பார்த்தார், எப்போது திரும்பி வரச் சொன்னார், ஒன்றும் இல்லை. தோற்பதற்கு அது போதும். நல்ல டாக்டர் ஒருவர் வீண் வழக்கில் மாட்டிக்கொண்டாலும் அந்தச் சீட்டு அவரைக் காப்பாற்றாது.

சீட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் என்ன? ‘இதுவாக இருக்கலாம் என நினைக்கிறேன். இரண்டு நாளில் குறையாவிட்டால், அல்லது வயிறு வலித்தால், உடனே வரவும்.’ எங்கள் தெரு கிளினிக்கில் இதைக் கேட்டே பார்த்தேன்.

டாக்டர் சிரித்தார். “எழுதலாம் சார். எழுதினா அதையே காட்டி கேஸ் போட்டா?”

“எழுதாட்டியும் போடுவாங்க டாக்டர். அப்ப உங்க கையிலயும் ஒண்ணும் இருக்காதே.”

கொஞ்சம் யோசித்தார். வெளியே முப்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். “பார்க்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். அடுத்த டோக்கன் உள்ளே வந்தது.